எஸ்ஏடி மார்க்கைப் பார்க்காமலே ரத்து செய்யலாமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வைச் சனிக்கிழமை எழுதிய மாணவர், 'இந்த மார்க்கே எனக்கு வேண்டாம்' என்று அதை நடத்தும் காலேஜ் போர்டிடம் சொல்ல அடுத்த வியாழக்கிழமை இரவு 11.59 வரை நேரம் உண்டு. அது அமெரிக்கக் கிழக்குக் கரையின் நேரம். ஊட்டியிலோ குன்னூரிலோ இருப்பவர்களுக்கு அது வெள்ளிக்கிழமை காலை 9.29. நவம்பர், டிசம்பர் தேர்வுகளுக்கு மட்டும் காலை 10.29, குளிர்காலத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். மார்க் வெளியாவதோ அதற்கும் பிறகுதான். ஆக, ரத்து செய்யும் எவருக்கும் தான் எதை ரத்து செய்கிறோம் என்பது தெரியாது. செய்துவிட்டால் அந்த மார்க்கை மாணவரும் பார்க்க முடியாது, கல்லூரியும் பார்க்க முடியாது. பிறகு மனம் மாறினாலும் திரும்பக் கிடைக்காது.

மலையில் அமெரிக்கக் கல்லூரி பற்றிய பேச்சு புதிதல்ல. லவ்டேலில் 1858 முதல் லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. பழனி மலையில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901-ல் தொடங்கியது. இந்த மாதிரி பெரிய உறைவிடப் பள்ளிகளில் வெளிநாட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கவே ஆள் இருப்பார்கள். எழுதிய மறுநாள் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றால், விதி என்ன, வழக்கம் என்ன என்று உட்கார வைத்துச் சொல்வார்கள். என் கவலை அவர்களைப் பற்றியதல்ல. டவுன் பள்ளியில் படித்துக்கொண்டு, வீட்டிலேயே மடிக்கணினியில் பயிற்சி எடுத்து, அப்பா அம்மாவோடு கீழே இறங்கிப் போய் எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் பயம்தான்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் ரத்து செய்யக் கூடாது. தேர்வு முடிந்த கையோடு தோன்றும் 'நாசமாகிவிட்டது' என்ற எண்ணத்தை நம்பக் கூடாது. இந்தத் தேர்வு அமைக்கப்பட்டிருக்கும் விதமே அந்த எண்ணத்தைப் பொய்யாக்கக் கூடியது.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவரின் மகளை எனக்குத் தெரியும். ஆகஸ்டில் கோயம்புத்தூரில் எழுதினாள். திரும்பி மலை ஏறும்போது பர்லியாரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து, 'மேத்ஸ்ல எத்தனை சரி, எத்தனை சந்தேகம், எத்தனை தப்பு, சொல்லும்மா' என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நீட் எழுதிய அக்காள் மகனுக்கு அதே டைரியில் கணக்குப் போட்ட அனுபவம் அவருக்கு உண்டு. சரிக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒன்று. அந்தக் கணக்கை இங்கேயும் போட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குப் பகுதி அதலபாதாளத்தில் நின்றது. இங்கிலீஷ் பகுதி பரவாயில்லை என்று அவளுக்கே தோன்றியது. காட்டேரி தாண்டுவதற்குள் ரத்து செய்வதென்று முடிவாகிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு எனக்கு போன் வந்தது, அந்தப் படிவம் எங்கே கிடைக்கும் என்று.

அந்த டைரிக் கணக்கில் ஒவ்வொரு வரியும் தவறு. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் நுழைவுத் தேர்வு என்றால் அப்படித்தான் கணக்குப் போடுவோம். நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். விடைக்குறிப்பு வெளியாகும், ஓஎம்ஆர் தாளின் நகல் வரும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு மார்க் கூட பிசகாது. எஸ்ஏடியில் தவறான விடைக்கு மார்க் கழிப்பதை 2016-லேயே எடுத்துவிட்டார்கள். விடைக்குறிப்பு என்று ஒன்று வெளியாவதே இல்லை. மொத்தம் 98 கேள்வி. இங்கிலீஷில் 54, கணக்கில் 44. அதில் எட்டுக் கேள்விகளுக்கு மார்க்கே கிடையாது. எதிர்காலத் தேர்வுகளில் போடலாமா என்று சோதித்துப் பார்க்க, தேர்வின் நான்கு மாட்யூல்களிலும், அதாவது நான்கு பிரிவுகளிலும், இரண்டு வீதம் கலந்து வைத்திருக்கிறார்கள். எவை அந்தக் கேள்விகள் என்று எழுதுபவருக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் போராடி விட்டுவிட்டு வந்து, இரவெல்லாம் நினைத்து வருந்தும் கேள்வி அந்த எட்டில் ஒன்றாகவே இருக்கலாம். மீதிக் கேள்விகளுக்கும் ஒன்றுக்கு இத்தனை மார்க் என்று சம விலை இல்லை. எந்தக் கேள்வி எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துத்தான் மதிப்பெண் வருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த இரண்டாவது மாட்யூல். அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச் முதல் எஸ்ஏடி கணினியில்தான் நடக்கிறது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மாறினார்கள். இங்கிலீஷுக்குத் தலா 32 நிமிடத்தில் இரண்டு மாட்யூல், கணக்குக்குத் தலா 35 நிமிடத்தில் இரண்டு. முதல் மாட்யூல் எல்லோருக்கும் நடுத்தரமாக, எளிதும் கடினமும் கலந்து வரும். அதை எப்படிச் செய்தீர்கள் என்று பார்த்துத்தான் இரண்டாவதைத் திறக்கிறது மென்பொருள். நன்றாகச் செய்தவருக்குக் கடினமானது, தடுமாறியவருக்கு எளிதானது. எளிதான பக்கம் போனவர் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாலும் அந்தப் பகுதியின் முழு மார்க்கான 800-ஐத் தொட முடியாது. உச்சத்துக்குப் போகும் வழி கடினமான மாட்யூல் வழியாகத்தான்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை முதல் மாட்யூலை மளமளவென்று முடிக்கிறது. அதற்குப் பரிசாகக் கிடைப்பது முழி பிதுங்க வைக்கும் 22 கேள்விகள். நேரம் போதவில்லை, கடைசி நாலைந்தில் குத்துமதிப்பாக எதையோ அழுத்துகிறது, கண் கலங்க வெளியே வருகிறது. சுமாராகச் செய்த பிள்ளைக்கு இரண்டாம் பாதி இலகுவாகப் போகிறது; சிரித்துக்கொண்டே வருகிறது. வாசலில் நிற்கும் பெற்றோர் இரண்டு முகங்களையும் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்கள்? நம் கணக்குப்பிள்ளையின் மகள் அழுதது அந்த இரண்டாவது மாட்யூலை நினைத்துத்தான். முதல் மாட்யூல் எப்படி இருந்தது என்று கேட்டேன். 'அது ஈஸியா இருந்துச்சு சார், நேரம் மீந்துபோச்சு' என்றாள். சரி, அப்படியென்றால் எதுவும் செய்யாதே, மார்க் வரட்டும் என்றேன். வந்தது: கணக்கில் 740. நன்றாகப் போனதாக நினைத்த இங்கிலீஷில் 610. அவள் அழுத இடமும் அடிபட்ட இடமும் வேறு வேறு.

ரத்து செய்திருந்தால் அந்த 740-ம் போயிருக்கும். கணக்கை வைத்துக்கொள்கிறேன், இங்கிலீஷை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்க வழியில்லை. போனால் முழுத் தேர்வும் போகும். கட்டிய பணமும் வராது. இந்தியாவில் எழுதுபவருக்கு வெளிநாட்டுக் கட்டணமும் சேர்த்து நூறு டாலருக்கு மேல் ஆகிறது. கட்டண விலக்கு அமெரிக்க மாணவர்களுக்குத்தான், குன்னூர்க்காரருக்குக் கிடையாது. அப்புறம், மார்க்கோடு வரும் அறிக்கையையும் இழக்க வேண்டியிருக்கும். அல்ஜீப்ரா, மேல்நிலைக் கணிதம், புள்ளிவிவரம், வடிவியல் என்று கணக்கை நாலாகவும், இங்கிலீஷை இன்னொரு நாலாகவும் பிரித்து, எதில் பலம், எதில் பலவீனம் என்று அதில் காட்டுவார்கள். தனிப் பயிற்சி வகுப்புக்கு வசதி இல்லாத பிள்ளைக்கு அடுத்த முறை எதைப் படிப்பது என்று சொல்லும் ஒரே வழிகாட்டி பல சமயம் அதுதான்.

இவ்வளவு இருந்தும் ஏன் ரத்து செய்யத் துடிக்கிறார்கள்? குறைந்த மார்க் ஒன்று பதிவில் ஏறிவிட்டால் கல்லூரி அதைப் பார்த்துவிடும், வாழ்நாள் முழுக்கத் துரத்தும் என்ற பயம். ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. எழுதிய தேர்வெல்லாம் மொத்தமாகக் கல்லூரிக்குப் போகும் காலம் அது. 2009-ல் ஸ்கோர் சாய்ஸ் என்ற ஏற்பாடு வந்தபின், எந்தத் தேதியில் எழுதியதை அனுப்புவது என்று மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஆகஸ்டில் சொதப்பி அக்டோபரில் நன்றாகச் செய்தால் அக்டோபரை மட்டும் அனுப்பலாம். பல கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், வெவ்வேறு தேதிகளில் வாங்கியதில் இங்கிலீஷுக்கு எது அதிகமோ அது, கணக்குக்கு எது அதிகமோ அது என்று எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. சூப்பர் ஸ்கோர் என்பார்கள். அந்தக் குன்னூர்ப் பெண் அக்டோபரில் மறுபடி எழுதியபோது இங்கிலீஷை மட்டும் பிடித்துக்கொண்டு படித்தாள். கணக்கு ஏற்கெனவே கையில் இருந்தது.

ஜேஇஇ மெயினை நினைத்துக்கொண்டால் நம்மவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று எழுதலாம், இரண்டில் நல்லதுதான் ரேங்குக்குப் போகும். ஜனவரி மோசமாகப் போனதென்று யாரும் அதை அழிக்க அலைவதில்லை. நீட்டில் வருடத்துக்கு ஒரு வாய்ப்பு, அந்த மார்க் அந்த ஆண்டுக்குத்தான் என்பதால் அந்தப் பதற்றம் வேறு வகை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே 2007-லிருந்து கிடையாது, பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். இப்படி மூன்று விதமான பழக்கங்கள் கலந்து இருக்கும் வீட்டில் நான்காவதாக எஸ்ஏடி வந்து நிற்கிறது. எது எதற்குப் பொருந்தும் என்ற குழப்பம் இயல்புதான்.

விதிவிலக்கு உண்டு. எழுதிய எல்லா மார்க்கையும் அனுப்பச் சொல்லும் கல்லூரிகள் இன்னமும் சில இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அதில் பெயர் போனது. அப்படி ஒரு கல்லூரிதான் முதல் விருப்பம் என்றால் ரத்து பற்றி யோசிக்க நியாயம் இருக்கிறது. எல்லாம் கேட்கும் கல்லூரிகளும் பொதுவாக உயர்ந்த மார்க்கைத்தான் எடைபோடுகின்றன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கிறது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் என்று அதன் எந்த வளாகத்திலும் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. அங்கே மட்டும் போடுபவருக்கு ரத்து செய்வதும் செய்யாததும் ஒன்றுதான். விரும்பும் கல்லூரி எந்த வகை என்பதைத் தேர்வுக்கு முந்தின வாரமே அதன் இணையதளத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எழுதி முடித்த இரவில் தேடினால் கண்ணில் படுவதெல்லாம் பயமுறுத்தும்.

இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். பதிவு செய்யும்போது நாலு கல்லூரிக்கு இலவசமாக மார்க் அனுப்பலாம் என்று ஒரு சலுகை வரும். தேர்வு முடிந்து ஒன்பது நாள் வரை அதைப் பயன்படுத்தலாம். இலவசம் என்றதும் நாலையும் நிரப்பிவிடுகிறோம். மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே அது அந்தக் கல்லூரிகளுக்குப் போக வழி செய்துவிடுகிறோம். பிறகு தேர்வு கடினமாகத் தோன்றினால் ரத்து செய்வதைத் தவிர வேறு வழியே இல்லாதது போல இருக்கும். அந்த நாலு கட்டங்களையும் காலியாக விட்டால் இந்தச் சிக்கலே எழாது. மார்க்கைப் பார்த்த பிறகு காசு கட்டி அனுப்பிக்கொள்ளலாம். சில டாலர் மிச்சம் பிடிக்கப்போய் நூறு டாலர் தேர்வைத் தூக்கிப் போடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்?

குறைந்த மார்க் என்பதையே நாம் சரியாக அளக்கிறோமா என்பதும் பெரிய கேள்வி. வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படும் உதவியை முழுதும் தரும் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. எம்ஐடி, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், டார்ட்மத் அவற்றில் சில. சம்பளக்காரக் குடும்பத்துப் பிள்ளை அமெரிக்காவில் படிக்க இந்த மாதிரி கதவுதான் திறக்க வேண்டும். கோவிட் சமயத்தில் எஸ்ஏடி கட்டாயமில்லை என்று சொன்ன பல கல்லூரிகள் திரும்பவும் கட்டாயமாக்கிவிட்டன. எம்ஐடி 2022-ல் அறிவித்தது, டார்ட்மத்தும் ஹார்வர்டும் 2024-ல். டார்ட்மத் அதற்குச் சொன்ன காரணம் நம் வீடுகளில் பேசப்பட வேண்டியது. அதன் பேராசிரியர்கள் விண்ணப்பத் தரவுகளை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பின்னணி மாணவர்கள் பலர், அனுப்பியிருந்தால் தங்களுக்கு உதவியிருக்கும் மார்க்கை 'இது போதாது' என்று தாங்களே நினைத்து அனுப்பாமல் விட்டிருந்தது தெரியவந்தது. அந்தக் கல்லூரி மார்க்கைத் தனியாகப் பார்ப்பதில்லை. எந்தப் பள்ளி, அங்கே மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள், வீட்டுச் சூழல் என்ன என்பதோடு சேர்த்துப் பார்க்கிறது. இரண்டு பகுதியும் சேர்த்து 1600-க்கு, பெரிய நகரத்துப் பயிற்சி மையத்தில் படித்தவரின் 1400-ம், மலை கிராமத்துப் பள்ளியில் தானாகப் படித்தவரின் 1400-ம் அங்கே ஒரே எடை அல்ல. இது எனக்கு மனதை உறுத்தும் விஷயம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இருக்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை தன் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது.

அப்படியானால் எப்போதுதான் ரத்து செய்வது? உடம்பு ஒத்துழைக்காமல் போனபோது. மலைப் பிள்ளைகளுக்கு இது ஏட்டுக்காரணம் அல்ல. தேர்வு மையத்தில் எட்டு மணிக்குக் கதவு மூடிவிடுவார்கள். கோயம்புத்தூரில் மையம் என்றால் குன்னூரிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கே இறங்க வேண்டும், கோத்தகிரியிலிருந்தும் அப்படித்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வெறும் வயிற்றோடு இறங்கி, மேட்டுப்பாளையத்தில் வாந்தி எடுத்து, அப்படியே போய் இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. மே மாதத் தேர்வுக்குக் கீழே இறங்கினால் வெயிலே பாதி ஆளைத் தின்றுவிடும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்து குன்னூர் மலைப்பாதையில் மண் சரியும். இவ்வளவும் தெரிந்த நாம் முதல் நாளே இறங்கி, உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுவதுதான் முறை. அப்படியும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு மாட்யூலை முழுதாக விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தால், ரத்து செய்வதில் தவறில்லை. எத்தனை கேள்வியைப் பார்க்கவே இல்லை என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். எத்தனை தப்பாகப் போயிருக்கும் என்பது ஊகம். உறுதியாகத் தெரிந்ததை வைத்து முடிவு எடுக்கலாம்.

தவறு மையத்தின் பக்கம் என்றால் அது வேறு வழக்கு. எஸ்ஏடி எழுதும் ப்ளூபுக் செயலிக்குத் தேர்வைத் தொடங்கவும் கடைசியில் விடைகளை அனுப்பவும்தான் இணையம் வேண்டும். நடுவில் நெட் போனாலும் எழுதிக்கொண்டே இருக்கலாம். மடிக்கணினியில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு சார்ஜ் இருந்தால் கரண்ட் போனாலும் பாதகமில்லை. அதையும் மீறி ஹாலில் கலவரமாகி, நேரம் பறிபோயிருந்தால் ரத்து செய்துவிட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி அன்றைக்கே காலேஜ் போர்டுக்குப் புகாராக எழுத வேண்டும். மறுதேர்வு கேட்க அதுதான் வழி.

ரத்து செய்வதென்றே முடிவானால் கடைசி மணி நேரம் வரை இழுக்க வேண்டாம். மழை நாளில் மலையில் நெட்வொர்க் எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. செவ்வாய், புதனுக்குள் முடித்துவிடுங்கள். அந்த இரண்டு மூன்று நாளில் பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்திருக்கும், சாப்பிட்டிருக்கும். அப்போதும் அதே காரணத்தைத் தெளிவாகச் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மற்றத் தேர்வுகளில் விதி வேறு. எஸ்ஏடிக்குப் பதில் எழுதக்கூடிய ஏசிடியில் மார்க்கைப் பார்த்த பிறகும், அந்தத் தேதியின் பதிவை நீக்கிவிடுமாறு எழுத்தில் கேட்கலாம். மேல்படிப்புக்கான ஜிஆர்இயில் தேர்வு முடிந்ததும் திரையிலேயே கேட்பார்கள், மார்க்கைக் காட்டுவதற்கு முன்பு. ரத்து என்று அழுத்திவிட்டாலும் 60 நாளுக்குள் பணம் கட்டித் திரும்பப் பெறலாம். அண்ணனுக்கு ஜிஆர்இயில் நடந்ததை வைத்துத் தங்கைக்கு எஸ்ஏடியில் யோசனை சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எந்த மாதம் எழுதினோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகளின் கடைசித் தேதி நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். டிசம்பரில் எழுதியதை ரத்து செய்தால் ஜனவரிக்குள் இன்னொரு தேர்வு இல்லை. எஸ்ஏடி கேட்கும் கல்லூரிக்கு அனுப்ப முந்தைய மார்க் ஏதாவது இருந்தால்தான் உண்டு. ஆகஸ்டில் எழுதியவருக்கு அக்டோபரும் நவம்பரும் மிச்சம் இருக்கின்றன. அவர் செய்ய வேண்டியது, ஆகஸ்ட் மார்க் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இராமல் அக்டோபருக்கு முன்னதாகவே பதிவு செய்வது. பக்கத்து மையங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தாமதித்தால் கோயம்புத்தூருக்குப் பதில் கொச்சிக்கோ பெங்களூருக்கோ போக வேண்டி வரும். ஆகஸ்ட் மார்க் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்துவிட்டால் அக்டோபர் பதிவை ரத்து செய்துவிடலாம், கட்டணத்தில் ஒரு பகுதி போகும், அவ்வளவுதான்.